ஒரே மனையில் இரண்டு பகுதிகள்: வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ற குடும்ப வீடு எப்படி அமைப்பது?

மூன்றுதலைமுறை எழுதியது:

வணக்கம். எங்கள் வீடு இப்போது வரைபட நிலையில் இருக்கிறது. கடைக்கால் தோண்டும் முன் நாலு பேர் பார்த்துச் சொன்னால் நல்லது என்று இங்கே போடுகிறேன்.

மனை 12 மீட்டர் அகலம், 24 மீட்டர் நீளம். நீளம் வடக்கு தெற்காக ஓடுகிறது. சாலை வடக்கே. சுற்றிலும் விட வேண்டிய இடம் போக 9-க்கு 20 மீட்டர் மிஞ்சும். பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 பாகையில் இருக்கிறோம். நான்கு மாதம் வறண்ட வெயில், பகலில் 38 டிகிரி, இரவில் 24. மற்ற மாதங்களில் பெரும்பாலும் புழுக்கம், பகலில் 32, இரவில் 26. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும்.

குடியிருக்கப் போகிறவர்கள்: நானும் கணவரும், பிள்ளைகள் இருவர், என் பெற்றோர், தங்கை. அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை, படி ஏற முடியாது. தங்கைக்கு வீட்டிலிருந்தே இரவுப் பணி, பகலில்தான் தூக்கம். எல்லாரும் ஒன்றாக இருக்கவும் வேண்டும், ஒருவர் தலைமேல் ஒருவர் இருக்கவும் கூடாது.

கையில் இருக்கும் பிளான் 9-க்கு 16 மீட்டரில் ஒரே கட்டடம். நடுவில் கூடம், கிழக்கே எங்கள் அறைகள், மேற்கே பெற்றோரும் தங்கையும். "நடுச்சுவரைக் கொஞ்சம் தடிப்பாக வைத்தால் தனித்தனி வீடு மாதிரிதான்" என்கிறார் வரைந்தவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

---

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

யாருக்கு எந்த அறை என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒரு தாளில் 24 மணி நேரத்தையும் போட்டு, யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று எழுதிப் பாருங்கள். பிளானில் எது உறுத்துகிறது என்று அப்போது தெரியும்.

பெற்றோரின் படுக்கையறை மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. ஒன்பதங்குலச் செங்கல் சுவர் வெளியே வாங்கிய சூட்டை உள்ளே கொண்டுவர ஏறத்தாழ 6, 7 மணி நேரம் ஆகும். மேற்குச் சுவரில் வெயில் கடுமையாக விழுவது மாலை 4 மணி வாக்கில். அந்தச் சூடு உள்பக்கம் வந்து சேர்வது இரவு 10, 11 மணிக்கு, அவர்கள் படுக்கும் நேரத்தில். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், உள்ளே சுவர் அனல் வீசும்.

கிழக்குச் சுவர் அப்படியில்லை. காலை 9 மணி வெயில் பிற்பகல் 3, 4 மணிக்கு உள்ளே தெரியும், இரவுக்குள் அடங்கிவிடும். ஆகவே இரவில் மட்டும் ஆள் இருக்கும் அறைகளைக் கிழக்கே தள்ளுங்கள். குளியலறை, மாடிப்படி, துணி துவைக்கும் இடம், சாமான் அறை, இவையெல்லாம் மேற்கே போகட்டும். அங்கே சூடு ஏறினால் யாருக்கும் தூக்கம் கெடாது.

மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடு போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் இரவும் பகலும் சமமாக வரும் நாட்களில், மாலை 4 மணிக்கு உங்கள் இடத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 29 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஒன்றரை மீட்டர் உயர ஜன்னல் முழுவதும் நிழலில் இருக்க வேண்டுமானால் சன்ஷேடு இரண்டரை மீட்டருக்கு மேல் நீள வேண்டும். அது சன்ஷேடு இல்லை, வராந்தா. தெற்கு ஜன்னலுக்கு அந்தத் தொல்லை கிடையாது. டிசம்பர் நண்பகலில்கூட சூரியன் 54 பாகைக்கு மேல் நிற்கும், ஒரு மீட்டரை ஒட்டிய சன்ஷேடே அதே ஜன்னலை மறைத்துவிடும்.

---

மேற்குஜன்னல் எழுதியது:

என் பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், மேலே சொன்னதை அனுபவிக்கிற ஆள் நான். திரை, வெயில் குறைக்கும் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி எல்லாம் போட்டாயிற்று. கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்தபிறகு திரை பெரிதாக எதுவும் செய்யாது, திரையே சூடாகி அறைக்குள் அந்தச் சூட்டை விடும். மறைப்பு என்றால் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். செங்குத்தாக நிற்கும் பலகைகள், துளைகள் உள்ள ஜாலிச் சுவர், கொடி, மரம், எது வேண்டுமானாலும் சரி.

---

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நடுச்சுவரைத் தடிப்பாக்குவதை விட்டுவிட்டு, கட்டடத்தையே குறுக்கே வெட்டுங்கள்.

9-க்கு 20 மீட்டரில் வடக்கே 9-க்கு 8 மீட்டரில் ஒரு கட்டு, தெற்கே அதே அளவில் இன்னொரு கட்டு, நடுவில் 4 மீட்டர் திறந்த முற்றம். இப்படிச் செய்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரே கட்டடமாக இருந்தபோது வடக்கையும் தெற்கையும் பார்த்த சுவர் மொத்தம் 18 மீட்டர். இப்போது 36. சுலபமாக நிழல் தரக்கூடிய திசையில் ஜன்னல் வைக்கும் இடம் இரண்டு மடங்காகிவிட்டது. மனை தவறான பக்கம் நீண்டிருந்தும் கட்டடத்தின் நீளமான முகம் சரியான பக்கம் திரும்பிவிட்டது.

காற்றுக்கும் இதே கணக்குத்தான். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறையில், கூரை உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் காற்று ஒழுங்காகப் போய்வரும். 3 மீட்டர் உயரம் என்றால் 6, 7 மீட்டர். எதிரெதிர்ப் பக்கம் ஜன்னல் இருந்தால் ஐந்து மடங்கு வரை, அதாவது 15 மீட்டர். 8 மீட்டர் ஆழமுள்ள கட்டு இதற்குள் தாராளமாக அடங்கும். ஆனால் குறுக்கே முழு உயரச் சுவர் எழுப்பிவிட்டு 'எதிரெதிர் ஜன்னல்' என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. உள்சுவரிலும் கதவுக்கு மேலே திறப்பு வேண்டும்.

குடும்பத்தைப் பிரிக்கிற இடைவெளிதான் வீட்டுக்கு மூச்சுவிடவும் உதவும். இரண்டையும் தனித்தனியாக யோசித்தால் ஒன்றுக்காக மற்றொன்றைப் பலிகொடுக்க வேண்டிவரும்.

---

பழையவரைபடம் எழுதியது:

இந்த யோசனைக்கு ஒரு பரம்பரையே உண்டு. மார்செல் பிராயர் என்ற கட்டடக் கலைஞர் 1940-களில் 'இரட்டைக் கரு' வீடு என்று ஒன்றை முன்வைத்தார். பகலில் புழங்கும் அறைகள் ஒரு சிறகில், படுக்கையறைகள் இன்னொரு சிறகில், நடுவே நுழைவுக் கூடம். அமெரிக்காவின் லாங் ஐலண்டில் 1945-இல் கட்டிய கெல்லர் வீடு அப்படிப்பட்டது. 2022-இல் இடித்துவிட்டார்கள், அது வேறு கதை. பிராயரும் நேரத்தை வைத்துத்தான் பிரித்தார், ஆட்களை வைத்து அல்ல.

அதைவிட இந்த இழைக்குப் பொருத்தமானது ஆஸ்திரேலியாவில் கட்டடக் கலைஞர் கிளென் மர்கட் 1975-இல் கட்டிய மேரி ஷார்ட் வீடு. ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகி நிற்கும் இரண்டு நீளக் கட்டடங்கள், ஒன்றில் படுக்கை, இன்னொன்றில் புழக்கம். தரையிலிருந்து தூக்கிக் கட்டியது, பக்கங்களில் திறந்து மூடும் பலகைகள். காற்றையும் வெயிலையும் வீட்டுக்காரரே கையால் சரிசெய்துகொள்ளலாம். அங்கே சூரியன் நண்பகலில் வடக்கே நிற்கும் என்பதால் அந்தப் படத்தைப் பார்த்துத் திசையை அப்படியே காப்பி அடித்துவிடாதீர்கள்.

---

பனிக்கூரை எழுதியது:

குளிர்நாட்டில் இருந்து ஒரு எதிர்க்குரல். 9-க்கு 16 ஒரே கட்டடத்தின் வெளிச்சுவர் நீளம் 50 மீட்டர். அதே பரப்பை இரண்டாக வெட்டினால் 68 மீட்டர். 36 சதவீதம் கூடுதல் சுவர், அவ்வளவு வழியாகவும் சூடு போகும். இங்கே யாராவது முற்றம் வைத்துப் பிரித்தால் குளிர்காலம் முழுவதும் அதற்காக எரிபொருள் எரிக்க வேண்டும். நாங்கள் ஒட்டிக் கட்டிவிட்டு, இரண்டு பகுதிக்கும் தனித்தனி வெப்பக் கட்டுப்பாடும் நடுவில் இரட்டைக் கதவுள்ள சிறு அறையும் வைத்துக்கொள்வோம்.

மூன்றுதலைமுறை, இது உங்களுக்கும் பொருந்தலாம். நாளைக்கு வீடு முழுவதும் ஏசி ஓடப் போகிறதென்றால் நீங்களும் எங்கள் நிலைமைதான். சூடு வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரும், அவ்வளவே வித்தியாசம்.

---

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

சரியான கேள்வி, இதை முடிவு செய்யாமல் ஒரு கோடும் போடக் கூடாது. திறந்து வாழும் வீடா, மூடிக் குளிரவைக்கும் வீடா? பாதி அது பாதி இது என்றால் இரண்டுமே கெடும். ஒரே ஒரு அறையை மட்டும் மூடிய அறையாகத் தனித்து வைத்து, அதன் சுவரையும் கூரையையும் மட்டும் சூடு புகாதபடி நன்றாகக் காப்பிட்டால் போதும். மற்ற வீடு காற்றோட்டத்தில் இயங்கலாம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று உடம்பில் பட்டால் சுமார் 3 டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். மின்விசிறி இதைத்தான் செய்கிறது, அறையைக் குளிரவைப்பதில்லை.

---

மூன்றுதலைமுறை எழுதியது:

நன்றி. ஏசி ஒரு அறைக்கு மேல் வேண்டாம் என்றுதான் பேசியிருக்கிறோம், அது தங்கையின் அறையாக இருக்கலாம். இரண்டு கட்டு யோசனை கணவருக்கும் பிடித்துவிட்டது. பெற்றோர் தெற்குக் கட்டில், ஒரே தளம். நாங்களும் தங்கையும் வடக்குக் கட்டில், மாடியோடு. அம்மாவின் ஒரே கேள்வி: "மழையில் நனைந்துகொண்டா உங்கள் பக்கம் வரணும்?"

சந்தேகம்: தெற்குக் கட்டு தாழ்வாக இருந்தால் முற்றத்தில் நிழல் குறையாதா? தெற்கே மாடி வைத்தால் நிழல் கூடும் என்கிறார் கணவர்.

---

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

டிசம்பருக்கு அவர் சொல்வது சரி. நண்பகலில் 6.5 மீட்டர் உயரக் கட்டு வடக்கே 4.6 மீட்டருக்கு நிழல் தரும், முற்றம் முழுவதும் மூடிவிடும். தாழ்வான 3.5 மீட்டர் கட்டு 2.5 மீட்டர்தான் தரும். ஆனால் டிசம்பரில் நிழல் யாருக்கு வேண்டும்? உங்கள் இடத்தில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது எந்தக் கட்டு எவ்வளவு உயரமாக இருந்தாலும் முற்றத்துக்கு நிழல் கிடையாது. வேண்டிய சமயத்தில் நிழல் தருவது மரமும் பந்தலும்தான்.

காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. தெற்கே உயரமாகக் கட்டினால் வடக்குக் கட்டு காற்றின் மறைவில் மாட்டிக்கொள்ளும். தாழ்ந்தது முன்னால், உயர்ந்தது பின்னால் என்று வைத்தால் மாடி அறைகளுக்காவது நேரடிக் காற்று கிடைக்கும். ஆகவே நீங்கள் சொன்ன ஏற்பாடே இருக்கட்டும்.

தெற்குக் கட்டில் கவனிக்க வேண்டியது கூரை. மேலே மாடி இல்லாததால் நாள் முழுவதும் வெயில் நேராகக் கான்கிரீட்டில் இறங்கும். உங்கள் பாகையில் எந்தச் சுவரையும்விட அதிகச் சூடு வாங்குவது கூரைதான். வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் 70, 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், தூசி படியப் படியக் குறையும், வருடா வருடம் கழுவ வேண்டும். பெற்றோருக்காக என்றால் நான் இன்னொன்றும் செய்வேன்: கான்கிரீட்டுக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு இலேசான இரண்டாவது கூரை, பக்கங்கள் திறந்தபடி. வெயிலை அது தாங்கும், இடையில் காற்று ஓடும்.

---

ஓசைஎதிரி எழுதியது:

இதுவரை யாரும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லையே! தனித்தனிப் பகுதி வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது அமைதி.

முதலில் தங்கை. பகலில் தூங்குகிறார், பிள்ளைகள் பகலில் ஓடுவார்கள். கான்கிரீட் தளம் பேச்சுச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும். காலடிச் சத்தத்தையும் நாற்காலி இழுக்கும் சத்தத்தையும் அப்படியே கீழே கடத்தும். எனவே அவர் அறைக்கு மேலே பிள்ளைகள் அறை வரவே கூடாது. உங்கள் படுக்கையறையை மேலே வையுங்கள், பகலில் அங்கே யாரும் இல்லை. சுண்ணாம்புச்சுவர் சொன்ன 24 மணி நேரத் தாள் இங்கேதான் கைகொடுக்கும்.

அடுத்து, திறந்த ஜன்னல். வெளிச்சத்தத்தில் 10, 15 டெசிபலுக்கு மேல் அது குறைக்காது. சுவரை எவ்வளவு தடிப்பாகக் கட்டினாலும் ஜன்னல் திறந்திருந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. ஆனால் தங்கை விஷயத்தில் ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. வறண்ட மாதங்களில் கனமான சுவருள்ள அறையைக் குளிர்ச்சியாக வைக்கும் முறையே, இரவில் திறந்து பகலில் இறுக மூடுவதுதானே? அவர் தூங்கும் நேரம் ஜன்னல் மூடியிருக்கும், அறை குளிர்ந்திருக்கும், சத்தமும் வராது. தரைத்தளம், வடகிழக்கு மூலை, தடித்த சுவர், ஓரங்களில் ரப்பர் பட்டை வைத்த கனமான கதவு. இரவு வேலையையும் அதே அறையில் செய்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தமாகப் பேச முடியாது என்பதையும் யோசியுங்கள். வேலைக்கு வேறு மூலை பார்ப்பது நல்லது.

முற்றம்: இரு கட்டின் ஜன்னல்களும் நேருக்கு நேர் வரவேண்டாம். எதிரெதிர் கடினச் சுவர்களுக்கிடையே சத்தம் மோதித் திரும்பும். செடி வளர்த்தால் சத்தம் நிற்கும் என்பார்கள். இந்த அகலத்துக்கு அது கண்ணுக்குத்தான் மறைப்பு, காதுக்கு இல்லை.

---

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

ஓசைஎதிரி சொன்னது அருமை. ஒரு திருத்தம் மட்டும். இரவில் திறந்து பகலில் மூடும் முறை இரவுக்கும் பகலுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். மூன்றுதலைமுறைக்கு வறண்ட மாதங்களில் 14 டிகிரி, பிரமாதம். புழுக்க மாதங்களில் 6 டிகிரிதான், சுவர் குளிரவே நேரம் கிடைக்காது. அந்த மாதங்களுக்குத்தான் அந்த ஒற்றை ஏசி. மற்ற படுக்கையறைகளை, குறிப்பாக மாடியில், கனமில்லாத சுவரோடு நிறையத் திறப்புகளோடு வைக்கலாம், பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும்.

---

பைப்லைன்அக்கா எழுதியது:

பெரியவர்கள் கோட்பாடு பேசிவிட்டார்கள், நான் குழாய் பேசுகிறேன்.

இரண்டு கட்டுக்கும் குளியலறைகளை மேற்கே வைப்பது எனக்கும் வசதி, கழிவுநீர்க் குழாய் ஒரே நேர்கோட்டில் போய்விடும். தண்ணீருக்கு இரு கட்டுக்கும் தனித்தனி அடைப்பு வால்வு, மின்சாரத்துக்குத் தனித்தனி பெட்டி. ஒரு பக்கம் பழுது பார்த்தால் இன்னொரு பக்கம் இருட்டில் உட்காரக் கூடாது. தெற்குக் கட்டில் இப்போது சமையலறை வேண்டாம் என்றாலும் தண்ணீர், கழிவு, மின் இணைப்புகளை மட்டும் கொண்டுவந்து மூடி வையுங்கள். இரண்டு பகுதியாக இருக்கும் வீட்டில் யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பது பத்து வருடத்தில் மாறும். சமையலறை எங்கே வந்தாலும் வடகிழக்குப் பக்கம் பாருங்கள், தென்மேற்குக் காற்று புகையை வெளியே தள்ளிவிடும்.

அப்பாவுக்கு: கதவுகள் 90 செ.மீ. திறப்பு, வாசற்படிக் கட்டை இல்லாமல். குளியலறையில் சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம். சரிவுப்பாதை 12-க்கு 1 என்றால் 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும், பிளானில் இடமே விட்டிருக்க மாட்டார்கள், கேளுங்கள். தரைமட்டம் இரு கட்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். அம்மா கேட்டதற்குப் பதில்: முற்றத்தின் கிழக்கோரமாக, அதே மட்டத்தில், கூரை போட்ட நடைபாதை. பக்கச்சுவர் வேண்டாம், காற்று அடைபடும். முற்றம் மட்டும் அதைவிட ஒரு சாண் தாழ்வாக, வடிகாலோடு.

---

மேற்குஜன்னல் எழுதியது:

வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குப் போகும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போகும். வெயிலை அடைப்பதாக நினைத்துப் பெற்றோர் அறையை இருட்டாக்கிவிடாதீர்கள். முற்றத்தைப் பார்த்த பெரிய ஜன்னல், வெளிர் நிறச் சுவர். கண் கூசாத வெளிச்சம் அங்கிருந்து தாராளமாக வரும்.

---

மூன்றுதலைமுறை எழுதியது:

24 மணி நேரத் தாளைப் போட்டுப் பார்த்தேன். பகல் 11 முதல் 4 வரை வீட்டில் இருப்பது என் பெற்றோரும், தூங்குகிற தங்கையும் மட்டும்தான். அந்த நேரத்துக்கு நல்ல அறை ஒன்றுகூட முதல் பிளானில் இல்லை! எங்கள் கூடம்தான் குளிர்ந்த நடுப்பகுதியில் இருந்தது, மாலை வரை காலியாக.

வரைந்தவரிடம் புதிதாகக் கேட்கப் போவது: இரண்டு கட்டு, தெற்குக் கட்டுக்கு இரட்டைக் கூரை, பெற்றோர் படுக்கை தென்கிழக்கே, பகலில் அவர்கள் உட்காரும் இடம் முற்றத்தை ஒட்டி, தங்கை வடகிழக்குத் தரைத்தளம், மாடியில் பிள்ளைகள் மேற்குப் பக்கம் இல்லாமல். கடைசியாக ஒன்று, முற்றத்தில் மரம் எங்கே வைப்பது?

---

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

மேற்கோரமாக வையுங்கள். மாலை வெயில் முற்றத்துக்குள் நுழையும் வழி அதுதான், நடைபாதை கிழக்கே என்பதால் இடைஞ்சலும் இல்லை. அடிமரம் நேராக உயர்ந்து மேலே விரியும் வகையாக இருக்கட்டும், ஆள் உயரத்தில் காற்று தடைபடாது. மரம் பெரிதாகும் வரை சில வருடங்களுக்கு ஒரு துணிப் பந்தல்.

---

பைப்லைன்அக்கா எழுதியது:

மேற்கோரம் என்றால் என் கழிவுக் குழாய் போகும் பாதை! ஒன்று மரத்தைக் குழாயிலிருந்து 2 மீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள், இல்லையென்றால் முற்றத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் இணைப்பே இல்லாத ஒரே நீளக் குழாயாகப் போடச் சொல்லுங்கள். வேர் புகுவது இணைப்புகள் வழியாகத்தான். திறந்து பார்க்கும் தொட்டிகள் முற்றத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் வேண்டாம்.